முகம் அறியாத ஒருவர்



நன்றி என்ற சொல்லை நாம் முகம் தெரிந்தவர்களிடமே சொல்லிப் பழகியிருக்கிறோம். பெற்றோருக்குச் சொல்கிறோம், ஆசிரியருக்குச் சொல்கிறோம், மேடை ஏறினால் மாலை போட்டவருக்கும், ஒலிபெருக்கி வைத்தவருக்கும்கூடச் சொல்கிறோம். விழா நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'நன்றி நவிலல்' என்று ஒன்று இருக்கும். அந்த நேரத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அது வேறு விஷயம்.

இன்று நான் பேச வந்திருப்பது, எந்த விழாவின் நன்றியுரையிலும் இடம்பெறாத ஒருவரைப் பற்றி. அவர் பெயர் எனக்குத் தெரியாது, ஊர் தெரியாது. உயரமானவரா, குள்ளமானவரா, இளைஞரா, முதியவரா என்பதும் தெரியாது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை நான்கே நான்கு சொற்கள். அந்த நான்கு சொற்களும் என்னை நோக்கி எழுதப்பட்டவையும் அல்ல. ஆயினும், நான் இன்று உங்கள்முன் ஓர் ஆசிரியன் என்று சொல்லிக்கொண்டு பேசுவதற்கு அந்த நான்கு சொற்களே காரணம்.

1969ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியில்தான் நம் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, சென்னைக் கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அப்போதெல்லாம் பள்ளி இறுதி வகுப்புக்குப் பிறகு ஓராண்டு புகுமுக வகுப்பு. அதைத் தாண்டினால்தான் பட்ட வகுப்பு. கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வரவேண்டும். அது வந்தால் கல்லூரி, வராவிட்டால் தறி.

எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. தந்தையார் குழிக்குள் காலை வைத்து அமர்ந்தால், நாடா இப்புறமும் அப்புறமும் ஓடும் ஓசை பொழுது சாயும்வரை கேட்கும். அம்மா நூல் சுற்றித் தருவாள். தறியைத் தாழ்ந்த தொழில் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் குழியிலிருந்து வந்த சோற்றைத்தான் நான் உண்டு வளர்ந்தேன். ஆனால் என் ஆசை வேறாக இருந்தது. ஆசைக்குத் தந்தையார் தடை சொல்லவில்லை. தவணை மட்டும் சொன்னார். "ஆனி பிறந்து பத்து நாள் பார்ப்போம். கடிதம் வராவிட்டால் பாவு ஓட்டக் கூடவா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இனி எங்கள் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில்தான் வினையே இருந்தது. எங்கள் ஊர் புதுப்பட்டி. ஒரு காலத்தில் பத்துக் குடும்பங்கள் பழைய ஊரை விட்டு வந்து புதிதாகக் குடியேறிய இடத்துக்கு இதைவிட இயல்பான பெயர் வேறு என்ன உண்டு? ஆனால் தமிழ்நாட்டில் புதிதாகக் குடியேறியவர்கள் எங்கள் முன்னோர் மட்டுமல்லவே! புதுப்பட்டி, புதூர், புதுப்பாளையம், நல்லூர் என்று ஒரே பெயரை மாவட்டத்துக்கு மாவட்டம் காணலாம். மனிதருக்கு இருப்பதுபோல் ஊருக்கும் தலைப்பெழுத்து வைத்துக்கொண்ட புதுப்பட்டிகள் உண்டு. வத்திராயிருப்புப் பக்கத்தில் ஒரு வ. புதுப்பட்டி; இராசிபுரம் பக்கத்தில் ஓர் இரா. புதுப்பட்டி. எங்கள் ஊருக்கு அந்தப் பெருமையும் வாய்க்கவில்லை. வெறும் புதுப்பட்டி. அதனால், கடிதம் எழுதுவோர் 'வழி' என்று போட்டு அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரையும் எழுதினால்தான் அது எங்களை வந்து சேரும்.

நான் விண்ணப்பத்தில் அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில் உறையின்மேல் விலாசத்தை எடுத்தெழுதியவர் அந்தக் கடைசி இரண்டு வரிகளை விட்டுவிட்டார். ஆயிரம் உறைகளுக்கு விலாசம் எழுதுகிறவருக்கு ஒன்றில் கை தவறுவது உலக இயல்பு. அவர்மீது எனக்கு இன்று வருத்தம் இல்லை. அன்று இருந்திருக்கும், ஆனால் அன்று எனக்கு அது தெரியாது.

உறையின்மேல் இருந்தது இவ்வளவுதான்: என் பெயர், இன்னாருடைய மகன் என்று தந்தையார் பெயர், அதன் பக்கத்தில் 'நெசவாளர்', அடுத்து மேலத் தெரு, பின்னர் புதுப்பட்டி. விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததை, அந்த எழுத்தர் விலாசத்தின் பகுதி என்று எண்ணிச் சேர்த்துவிட்டார் போலும். வேண்டியதை விட்டார், வேண்டாததைச் சேர்த்தார். அந்த வேண்டாததுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

ஜூன் 10ஆம் தேதி சென்னையில் போட்ட கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஜூன் 21ஆம் தேதி சனிக்கிழமை. நேர்முகத் தேர்வு 23ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. வாரத்தில் இரண்டு நாட்கள்தான் எங்கள் ஊருக்குத் தபால் வரும். சனிக்கிழமை அவற்றில் ஒன்றன்று. ஆனால் உறையின் மூலையில் கல்லூரியின் பெயர் அச்சிட்டிருப்பதைக் கண்ட தபால்காரர், திங்கட்கிழமை வரை காத்திராமல், நாலு மைல் வெயிலில் மிதிவண்டியை மிதித்து வந்துவிட்டார். "பையனுக்கு ஏதோ காலேஜ் கடிதாசு போல இருக்கிறது, ஆச்சி" என்று திண்ணையில் அமர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவருக்கு ஒரு செம்பு நிறைய நீர்மோர் கொடுத்தாள். "நல்லா இருப்பீங்க அண்ணே" என்றாள். முகம் தெரிந்தவருக்குச் செய்ய வேண்டிய நன்றி அங்கேயே, அந்தச் செம்பிலேயே முடிந்துவிட்டது.

தந்தையார் தறியிலிருந்து எழுந்தார். பாதி நெய்த சேலை தறியிலேயே கிடந்தது. அந்தச் சேலையின்மேல் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அன்றிரவே பஸ் ஏறி, மறுநாள் ரயிலேறி, திங்கட்கிழமை விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் கதையை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

ரயிலில் செல்லும்போதுதான் அந்த உறையை நான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். அது ஓர் உறை போலவே இல்லை. ஊர் ஊராக யாத்திரை போய்வந்த சாமியாரின் மேனி போல் முத்திரைகளால் நிறைந்திருந்தது. வட்டம் வட்டமாக ஆறு முத்திரைகள். ஓர் ஓரத்தில் நீல மையில் 'இப்பெயருடையார் இவ்வூரில் இல்லை' என்று ஒரு கை எழுதியிருந்தது. அதன்கீழ் வேறொரு கை, 'இங்கும் இல்லை' என்று சுருக்கமாக முடித்திருந்தது. ஆக, இரண்டு புதுப்பட்டிகளைக் கடிதம் பார்த்துவிட்டது. அவற்றுக்கெல்லாம் கீழே பென்சிலால், சற்றே சாய்ந்து நடுங்கிய எழுத்தில் நான்கு சொற்கள்: 'தறி உள்ள புதுப்பட்டி பார்க்க.'

அந்தச் சொற்களுக்கு அருகிலிருந்த முத்திரையில் ஊர்ப் பெயர் இல்லை. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தன. அது ரயில்வே தபால் பிரிவின் முத்திரை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த ரயில்வே தபால் பிரிவைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்தியாவில் 1860களிலேயே தொடங்கிய ஏற்பாடு அது. ரயிலில் ஒரு தனிப் பெட்டி இருக்கும். உள்ளே சுவர் முழுவதும் புறாக்கூடு போல் சிறு சிறு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஊரோ ஒரு வழியோ. நாம் மற்றப் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெட்டியில் சிலர் இரவு முழுவதும் நின்றபடியே கடிதங்களைப் பிரித்து அறைகளில் போட்டுக்கொண்டிருப்பார்கள். வண்டி வளைவில் ஆடும், விளக்கு மங்கும், அடுத்த நிலையம் வருவதற்குள் அந்த நிலையத்துக்குரிய கட்டைக் கட்டி, பையில் போட்டு, வாயை இறுக்கி முத்திரையிட்டு இறக்கிவிட வேண்டும். பெட்டியின் வெளிப்புறத்தில் கடிதம் போட ஒரு துளையும் உண்டு. வண்டி புறப்படும் நேரத்தில் ஓடிவருகிறவர்கள் தாமதக் கட்டணத்துக்கு ஒரு தலையைக் கூடுதலாக ஒட்டி அதில் போடுவார்கள். ஊர்ப் பெயர்களையும் அவற்றுக்குரிய வழிகளையும் அந்தப் பணியாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். புராணம் மனப்பாடம் செய்தவர்களை நாம் வித்துவான் என்கிறோம். தபாலாபீஸ் பெயர்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு அப்படியொரு பட்டம் யாரும் கொடுக்கவில்லை.

அந்தப் பென்சில் வரியை எழுதியவர் அப்படிப்பட்ட ஒருவர். எழுத்து நடுங்கியிருந்தது முதுமையினால் அல்ல; வண்டியின் ஆட்டத்தினால்.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அந்த வரியை எழுத வேண்டிய கடமை ஒன்றும் இல்லை. விலாசம் போதாத கடிதம்; இரண்டு ஊர்களில் தேடியாயிற்று; ஆளில்லை என்று எழுத்து மூலமாகச் சான்றும் வந்தாயிற்று. அனுப்பியவருக்குத் திருப்பிவிடலாம். அப்படிச் செய்திருந்தால் எந்த அதிகாரியும் அவரை ஏன் என்று கேட்டிருக்க முடியாது. சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் அவர் உறையை இன்னொரு முறை படித்தார். எல்லோரும் 'புதுப்பட்டி' என்ற சொல்லைப் படித்தார்கள். அவர் 'நெசவாளர்' என்ற சொல்லையும் படித்தார். ஊரைத் தேடுவதை விட்டு ஆளைத் தேடினார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிஷம் இருக்குமா? அந்த அரை நிமிஷத்தை அவர் எனக்குக் கொடுத்தார். நான் என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு நெசவாளியின் மகனுக்கு எங்கிருந்தோ ஒரு கடிதம் வந்திருக்கிறது, அது போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே தெரியும்.

பட்டம் பெற்றபின், 1973இல், திருச்சிராப்பள்ளி சந்திப்புக்கு ஒரு வேலையாகச் சென்றிருந்தேன். உறையையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ரயில்வே தபால் அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்த மூத்தவர் ஒருவரிடம் உறையை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதலில் முத்திரைகளைப் பார்த்தார். பிறகுதான் எழுத்தைப் பார்த்தார். தொழில்காரர்களின் கண் எங்கே முதலில் போகும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

"இதை யார் எழுதியது என்று எப்படிச் சொல்வது, தம்பி? அந்த ராத்திரி அந்த வண்டியில் யார் யார் இருந்தார்களோ! நாலு வருஷம் ஆகிவிட்டது. மாற்றலாகிப் போனவர்கள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு" என்றார்.

"எங்கள் ஊரில் தறி இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது, ஐயா?"

அவர் சிரித்துவிட்டார். "நூல் கடைக்காரர் கடிதமும், சேலைக்கு வந்த வி.பி. பார்சலும் எந்த ஊருக்கு எந்தப் பையில் போகிறது என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாதா? வாழை எங்கே, வெற்றிலை எங்கே, தறி எங்கே என்று எல்லாம் கைக்குத் தெரியும்."

நான் என் கதையைச் சொன்னேன். இந்த ஒரு வரியினால் கல்லூரியில் சேர்ந்ததையும் பட்டம் பெற்றதையும் சற்று உணர்ச்சியோடுதான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உறையைத் திருப்பிக் கொடுத்து, "சந்தோஷம் தம்பி. இந்த மாதிரி தினமும் வருமே!" என்றார்.

அந்தப் பதில் அன்று எனக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது. என் வாழ்க்கையையே திருப்பிவிட்ட நிகழ்ச்சியை அவர் தினப்படிக் கணக்கில் சேர்த்துவிட்டாரே என்று தோன்றியது. அலுவலகத்தை விட்டு வெளியே வந்து நடைமேடையில் நின்றபோதுதான், அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது. தினமும் வருமாம்! அப்படியானால் என்னைப் போல் எத்தனை பேர்? எத்தனை புதுப்பட்டிகள்? அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் கடிதம் தடம் மாறிப் போய் மீண்டது தெரியும்? எனக்காவது உறையின்மேல் அடையாளம் இருந்தது. அடையாளமே இல்லாமல் ஒரு கூட்டிலிருந்து எடுத்து இன்னொரு கூட்டில் போடப்பட்ட கடிதங்கள் எத்தனையோ! பெற்றவருக்குத் தெரியாத உதவி. செய்தவருக்கு நினைவில் நில்லாத உதவி.

பழைய பெருவழிகளில் நடந்து பார்த்தவர்கள் சுமைதாங்கிக் கல்லைக் கண்டிருப்பார்கள். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் பாலம் போல் வைத்திருப்பார்கள். தலையில் பாரத்தோடு வருகிறவன் தனியாக வந்தால் அதை இறக்கவும் முடியாது. இறக்கினால் மறுபடி ஏற்றவும் முடியாது. இரண்டுக்கும் இன்னொரு கை வேண்டும். சுமைதாங்கி அந்த இன்னொரு கையாக நிற்கும். தலை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால், பாரத்தை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். பிறகு அப்படியே தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். கருவுற்ற பெண் பிள்ளை பெறாமலே இறந்துபோனால், அவள் இறக்கி வைக்காத சுமையை எண்ணி, வழிப்போக்கரின் சுமையை இறக்க இந்தக் கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. தம் வீட்டுத் துயரத்தை எங்கோ போகிற ஓர் உப்பு வாணிகனின் கழுத்துக்கு ஆறுதலாக மாற்றியிருக்கிறார்கள்! சில கற்களில் பெயர் பொறித்திருக்கும். பலவற்றில் ஒன்றும் இராது. சாலைகள் அகலமானபோது பல கற்கள் பெயர்ந்தன. எஞ்சியவற்றின்மேல் இன்று விளம்பரம் ஒட்டுகிறார்கள்.

திருச்சிச் சந்திப்பின் நடைமேடையில் நின்றபோது எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. இதை இத்துடன் நிறுத்தியிருந்தால் என் பேச்சு அழகாக முடிந்திருக்கும். ஆனால் சொல்லக் கூசுகிற இன்னொரு பகுதியும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் முன்னே சொன்னதற்குப் பொருளில்லை.

1986ஆம் ஆண்டு. அப்போது நான் ஆசிரியப் பணியில் இருந்தேன். சென்னையில் ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிபோயிருந்தேன். எனக்குமுன் அங்கே குடியிருந்தவர் காலி செய்யும்போது தம் புதிய விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் அதை என்னிடம் கொடுத்தார். நான் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். சில வாரங்கள் கழித்து அந்தப் பழைய குடித்தனக்காரரின் மகன் பெயருக்கு ஒரு நீளமான பழுப்பு உறை வந்தது. செய்ய வேண்டியது என்ன? பழைய விலாசத்தின்மேல் ஒரு கோடு கிழித்து, சீட்டில் உள்ள விலாசத்தை எழுதி, தெருமுனைப் பெட்டியில் போட வேண்டும். அரை நிமிஷ வேலை. அன்று எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது. நாளைக்குச் செய்யலாம் என்று உறையை நாட்காட்டிக்குப் பின்னால் செருகினேன். நாட்காட்டியில் தாள்கள் நாள்தோறும் கிழிந்தன. உறை அங்கேயே இருந்தது.

இரண்டு மாதம் சென்று ஒரு மாலையில் அந்தப் பெரியவரே வந்தார். ஓய்வு பெற்றவர், குடையைத் திண்ணையில் சாத்திவிட்டு, "எங்கள் பெயருக்கு ஏதாவது தபால் வந்ததா, சார்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தார். மகனுக்கு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. தேதி சென்று ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நலமாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை. காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து உறையில் இட்டார். "பத்திரமாக வைத்திருந்து கொடுத்தீர்களே, ரொம்ப நன்றி சார்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் எள்ளலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அவையெல்லாம் மறந்துபோயின. அந்த நன்றி மட்டும் மறக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. அந்த வீட்டிலேயே, அதே அறையில், இரும்புப் பெட்டிக்குள் புதுப்பட்டி உறை இருந்தது. பத்தடி தூரத்தில் நாட்காட்டி தொங்கியது. தபால் பெட்டியில் வேலை பார்த்த ஒருவர், ஆடும் வண்டியில், நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு நடுவில் ஒதுக்கிய அரை நிமிஷத்தை, ஆடாத வீட்டில், ஒரே ஒரு கடிதத்துக்கு, அந்த உதவியால் ஆளான நான் ஒதுக்கவில்லை. அந்த இளைஞர் பிறகு என்ன ஆனார் என்று விசாரித்துப் பார்த்தேன். அவர்கள் அந்தப் புதிய விலாசத்திலிருந்தும் போய்விட்டிருந்தார்கள்.

பிறருக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றி நமக்குக் கணக்கு உண்டு, பெயர் உண்டு. செய்யாமல் விட்ட அரை நிமிஷத்துக்குக் கணக்கே கிடையாது. அப்படி விட்டவர்களும் ஒருவகையில் முகம் அறியாதவர்கள்தாம். அந்த இளைஞரின் வாழ்க்கையில் அப்படி ஒருவனாக நான் இருக்கிறேன்.

"இதெல்லாம் கடிதக் காலத்துக் கதை, எங்களுக்கு எல்லாம் கைப்பேசியில் நொடியில் வந்துவிடுகிறது" என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். ஒரே பெயருடைய ஊர்களின் குழப்பம் தீர வேண்டும் என்றே 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி ஆறு இலக்கக் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்னும் தபால் துறை அதிகாரி. சமஸ்கிருதத்தில் நாடகங்கள் எழுதியவர். இலக்கியம் படித்த ஒருவர் எண்களால் ஒரு நாட்டை அடுக்கினார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. 1990களில் பம்பாயிலும் சென்னையிலும் கடிதம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. ஓடும் ரயிலில் நின்றுகொண்டு பிரிக்கும் வழக்கமும் படிப்படியாக மறைந்தது. எங்கள் புதுப்பட்டிக்கும் இப்போது எண் உண்டு. நெசவாளர் என்று எழுத வேண்டிய தேவை இல்லை. எழுதினாலும் பொருந்தாது. தறிகள் போய்விட்டன.

ஆனால் அரை நிமிஷக்காரர்கள் போய்விடவில்லை; இடம் மாறியிருக்கிறார்கள். ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். உங்களில் தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் பாடத்துக்கு வேண்டிய சங்க நூலையோ காப்பியத்தையோ கணினியில் தேடி எடுக்கிறீர்கள் அல்லவா? அவற்றுள் பல 'மதுரைத் திட்டம்' என்ற தன்னார்வ முயற்சியால் வந்தவை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய முயற்சி அது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலறிஞர் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் பரவிக் கிடந்த தமிழர்கள், வேலை முடிந்து வீடு திரும்பியபின், இரவில் அமர்ந்து, ஒரு காசும் பெறாமல், பாட்டுப் பாட்டாகத் தட்டெழுதிச் சேர்த்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிழை பார்த்தார். ஒருவரை ஒருவர் நேரில் காணாதவர்களே மிகுதி. நூலின் தொடக்கத்தில் தட்டெழுதியவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று சிறிய எழுத்தில் இருக்கும். என் பேத்தி கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். அவள் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் நூலுக்குள் போவாள். ஒருநாள் நான் அவளை நிறுத்தி அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "எதற்குத் தாத்தா?" என்றாள். "சும்மாப் படி" என்றேன். படித்தாள். பெயர் தெரிந்த முகமறியாதவர்கள்! எனக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லையே என்று சற்றுப் பொறாமையாக இருந்தது.

மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் இரத்தப் பையையும் பாருங்கள். அதன்மேல் எண் இருக்கும்; பிரிவு இருக்கும்; தேதி இருக்கும்; கொடுத்தவர் பெயர் இராது. காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கொடுத்தவர் யாருக்குக் கொடுத்தோம் என்று அறியார். பெற்றவர் யாரிடம் பெற்றோம் என்று அறியார். ஒருவருடைய உயிர் இன்னொருவருடைய நாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே பஸ்ஸில் முட்டி மோதி இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கலாம்.

சென்ற மாதம் வீட்டை வெள்ளையடிக்க ஆள் வந்தபோது இரும்புப் பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. உறையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முத்திரைகள் அப்படியே இருக்கின்றன. 'இப்பெயருடையார் இவ்வூரில் இல்லை' என்ற நீல மை சிறிதும் மங்கவில்லை. பென்சில் எழுத்துதான் தேய்ந்துகொண்டு வருகிறது. 'பார்க்க' என்பது போய்விட்டது. 'புதுப்பட்டி'யில் பாதி போய்விட்டது. 'தறி' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும், வண்டி ஆடியபோது பென்சில் அழுந்தியதனால் போலும், இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.